குளிர்காலத்தில் சமைக்காத உணவு: நடுங்காமல் தொடர ஒரு முழுமையான வழிகாட்டி

கோடையில் உற்சாகமாகத் தொடங்கிய சமைக்காத உணவைக் குளிர்காலத்தில் கைவிட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். முதல் ஆண்டு நானும் அப்படித்தான் விட்டேன். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த காய்கறிக் கலவையை எடுத்தபடியே மென்று கொண்டிருந்தேன். மூன்றாவது வாரத்தில் விரல் நுனிகள் எந்நேரமும் சில்லிட்டுக் கிடந்தன. எடை நாலு கிலோ இறங்கியிருந்தது. அடுத்த ஆண்டு, தினமும் என்ன சாப்பிடுகிறேன் என்று எடை போட்டுக் குறித்து வைத்த பிறகுதான் விஷயம் விளங்கியது. அடுப்பு அணைந்திருந்ததால் எனக்குக் குளிரவில்லை. வயிறு நிறைந்தும் உடம்புக்கு வேண்டிய அளவு உணவு போகாததால்தான் குளிர்ந்தது. கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை அந்த ஒரு தவறைத் திருத்துவதற்கானவை.

சமைக்காத உணவு என்று இங்கே நான் சொல்வது, ஏறக்குறைய 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு காட்டாத தாவர உணவை. இந்த எல்லை ஆளுக்கு ஆள் 40 முதல் 48 டிகிரி வரை மாறும். பச்சை முட்டை, பச்சை இறைச்சி, காய்ச்சாத பால் மூன்றையும் நான் சேர்க்கவில்லை. அவற்றில் உள்ள கிருமி ஆபத்து எந்தப் பருவத்திலும் குறைவதில்லை.

படி 1: தொடங்கலாமா என்று முதலில் பாருங்கள்

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள், ஏற்கெனவே எடை குறைந்தவர்கள், உணவைக் கண்டாலே அச்சம் கொள்ளும் மனச்சிக்கலிலிருந்து மீண்டவர்கள் ஆகியோர் முழுக்கச் சமைக்காத உணவில் குளிர்காலத்தைக் கழிக்க முயல வேண்டாம். நீரிழிவு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்களும், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களும் மருத்துவரிடம் பேசிவிட்டே மாற வேண்டும். கீரையிலுள்ள வைட்டமின் கே திடீரென்று கூடினால் வார்ஃபரினின் வேலை கெட்டுவிடும்.

இதை நான் வெறும் சடங்குக்காகச் சொல்லவில்லை. நீண்ட காலம் சமைக்காத உணவு உண்ட 513 பேரை ஆராய்ந்த ஒரு ஜெர்மன் ஆய்வு 1999இல் வெளிவந்தது. அதிலிருந்த 45 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு மாதவிடாய் ஒழுங்கு தவறியிருந்தது அல்லது அடியோடு நின்றிருந்தது. உணவில் பச்சையின் பங்கு கூடக் கூட எடை குறைவும் கூடியது. இது பருவம் பார்த்து நடக்கும் விஷயமல்ல. ஆனால் சூட்டைக் காக்கவும் உடம்பு செலவழிக்க வேண்டிய நாட்களில் இந்தப் பற்றாக்குறை இன்னும் கடுமையாகும்.

எத்தனை விழுக்காடு என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். முதல் குளிர்காலம் என்றால் பாதி போதும்: காலையும் மதியமும் சமைக்காதது, இரவில் ஒரு சமைத்த வேளை. நூறு விழுக்காடு என்ற எண்ணுக்குத் தனி மகிமை ஏதுமில்லை.

படி 2: குளிர் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

சில்லென்ற உணவு உடம்புச் சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும் என்ற பேச்சு பரவலாக உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4 டிகிரியில் இருக்கும் அரைக் கிலோ காய்கறியை 37 டிகிரிக்குக் கொண்டுவர உடம்புக்குச் செலவாவது ஏறக்குறைய 16 கலோரி (உணவுக் கணக்கில் கலோரி என்று சொல்வது கிலோ கலோரியைத்தான்). ஒரு பாதாம் பருப்பில் 7 கலோரி இருக்கிறது. அதாவது இரண்டு, மூன்று பாதாம் அந்தச் செலவை ஈடுகட்டிவிடும்.

இப்போது அதே அரைக் கிலோவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெள்ளரி, தக்காளி, லெட்யூஸ் மூன்றும் 94 முதல் 96 விழுக்காடு வரை தண்ணீர். இவற்றை ஒரு கிலோ சாப்பிட்டாலும் 200 கலோரி தேறாது. தட்டு மலைபோல் இருக்கும், தாடை வலிக்கும், வயிறு முட்டும். உடம்போ பட்டினி கிடக்கும். பட்டினி தொடர்ந்தால் உடம்பு சிக்கனத்தில் இறங்குகிறது. தைராய்டு சுரப்பியோடு தொடர்புடைய டி3 (T3) ஹார்மோனின் அளவு குறைகிறது, உள்ளே எரியும் வேகம் தணிகிறது, கை கால்களுக்குப் போகும் ரத்தம் சுருங்குகிறது. விரல் சில்லிட்டுப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. உணவைச் செரிக்கும்போதே உடம்பில் சூடு பிறக்கிறது. புரதத்தின் கலோரியில் 20 முதல் 30 விழுக்காடு இப்படிச் சூடாகச் செலவாகிறது. மாவுச்சத்தில் 5 முதல் 10. கொழுப்பில் 3க்கும் கீழே. பழமும் இலையும் மட்டும் தின்பவருக்குப் புரதம் குறைவு என்பதால் சாப்பிட்ட பின் வரும் அந்தக் கதகதப்பும் குறைவு.

படி 3: தட்டைக் கனமாக்குங்கள்

இலையையும் நீர்க்காய்களையும் முழுதாகத் தள்ள வேண்டாம். அவை ஓரத்தில் இருக்கட்டும். நடுவிடம் கனமான உணவுக்கு. நூறு கிராமுக்குத் தோராயமான கலோரிக் கணக்கு இது: வால்நட் 650, பாதாம் 580, எள் 570, ஆளிவிதை 530, முற்றிய தேங்காய் 350, பேரீச்சை 280, அவகாடோ 160, வாழைப்பழம் 90, ஆப்பிள் 52, கேரட் 41, முட்டைக்கோஸ் 25, வெள்ளரி 15. இந்த வரிசை மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒவ்வொரு வேளையிலும் இரண்டு கைப்பிடிக் கொட்டையோ விதையோ இருக்கிறதா என்று பாருங்கள். புரதத்துக்குப் பூசணி விதையும் பாதாமும் ஹெம்ப் (hemp) விதையும் நல்லவை. பூசணி விதையில் நூறு கிராமுக்கு 30 கிராம் புரதம் இருக்கிறது. பிரேசில் நட் பிடிக்குமென்றால் நாளைக்கு ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள். அதில் செலினியம் மிக அதிகம். கைப்பிடி கைப்பிடியாகத் தின்றால் அது நஞ்சாகும்.

காய்களில் குளிருக்குத் தோதானவை மண்ணுக்குள் விளைபவையும் இறுகியவையும்: கேரட், பீட்ரூட், முள்ளங்கி, முட்டைக்கோஸ், கேல் கீரை. பச்சை முட்டைக்கோஸ் நூறு கிராமில் 36 மில்லிகிராம் வைட்டமின் சி கிடைக்கிறது. கால் கிலோ சாப்பிட்டால் ஒரு நாள் தேவை முடிந்தது. இவற்றை மெல்லிசாகச் சீவி, ஒரு சிட்டிகை உப்பும் ஒரு கரண்டி எண்ணெயும் சேர்த்து, கையால் மூன்று நிமிடம் நன்றாகப் பிசைந்து வையுங்கள். இலை துவண்டு பாதியாகச் சுருங்கும், கடிக்க எளிதாகும். கேரட்டின் பீட்டா கரோட்டினை உடம்பு எடுத்துக்கொள்ளக் கொழுப்பு வேண்டும் என்பதால் எண்ணெய்க்கு அங்கே இரட்டை வேலை.

பசலைக்கீரையைத் தினமும் கட்டுக்கட்டாக அரைத்துக் குடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் ஆக்ஸலேட் மிகுதி. சிறுநீரகக் கல் வந்தவர்கள் அதை விட்டுவிட்டு லெட்யூஸ், கேல் பக்கம் போவது நல்லது.

படி 4: சில்லிப்பை எடுங்கள், கதகதப்பைச் சேருங்கள்

கலோரிக் கணக்கில் சில்லிப்பு அற்பமாக இருக்கலாம். ஆனால் நாக்குக்கும் வயிற்றுக்கும் அது அற்பமில்லை. குளிர் காற்றில் வீடு திரும்பியவரால் 4 டிகிரிச் சாலட்டை விரும்பிச் சாப்பிட முடியாது, குறைவாகத்தான் இறங்கும். அங்கிருந்தே பற்றாக்குறை தொடங்குகிறது.

அடுத்த வேளைக்கான முழுக் காய், பழங்களை ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். நறுக்கியவற்றை அப்படி நெடுநேரம் வெளியே வைக்க வேண்டாம். தட்டையும் கிண்ணத்தையும் வெந்நீரில் இரண்டு நிமிடம் போட்டுத் துடைத்துப் பரிமாறுங்கள். இது சின்ன வேலைதான், ஆனால் எனக்கு மிகப் பெரிய வித்தியாசத்தைக் காட்டியது இதுவே.

அடுத்து, கதகதப்பான சூப். 200 கிராம் கேரட், இரண்டு மணி நேரம் ஊறிய 50 கிராம் முந்திரி, பாதிச் சிவப்புக் குடைமிளகாய், சுண்டுவிரல் நீள இஞ்சி, உப்பு, எலுமிச்சைச் சாறு. இவற்றைச் சிறிது தண்ணீர் தெளித்து மிக்ஸியில் விழுதாக அரையுங்கள். விழுது அறை வெப்பத்தில், 20 டிகிரியில், 300 கிராம் இருக்கிறது என்று கொள்வோம். அதில் 80 டிகிரியிலுள்ள 200 மில்லி வெந்நீரை, மிக்ஸியை மெதுவாக ஓடவிட்டபடியே ஊற்றினால் கலவை 44 டிகிரியில் வந்து நிற்கும். அதே விழுது பெட்டியிலிருந்து நேராக வந்து 5 டிகிரியில் இருந்தால் சூப் 35 டிகிரிதான் தேறும். வாயில் வெதுவெதுப்புகூடத் தெரியாது. காய்களை முன்பே வெளியே எடுத்து வைக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். மூடியை இறுக அடைத்து வெந்நீரை அரைக்காதீர்கள். ஆவி மூடியைத் தூக்கி எறியும்.

வெந்நீர் ஊற்ற மனமில்லாதவர்கள் பாத்திரத்துக்குள் பாத்திரம் வைக்கலாம். வெளிப் பாத்திரத்தில் 60 டிகிரி நீர், உள்ளே சூப், கையில் சமையல் தெர்மாமீட்டர். கிளறிக்கொண்டே 45 வந்ததும் எடுத்துவிட வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் சுத்தமான விரலை வையுங்கள்: வெந்நீர்க் குளியல் போல இதமாக இருந்தால் சரி, விரலை இழுக்கத் தோன்றினால் தாண்டிவிட்டது.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்கிறேன். 5 முதல் 60 டிகிரி வரையிலான வெப்பம் கிருமிகள் பெருக வசதியானது. நம் சூப் சரியாக அதன் நடுவில் இருக்கிறது. செய்த உடனே குடியுங்கள். காலையில் செய்து ஃபிளாஸ்க்கில் ஊற்றி மதியம் குடிக்கும் பழக்கம் வேண்டாம். வெளியே போகிறவர்கள் ஃபிளாஸ்க்கில் வெந்நீரையும் தனி டப்பாவில் விழுதையும், விழுதுக்கு அடியில் ஒரு பனிப்பையையும் வைத்து எடுத்துப் போய் அங்கே கலந்துகொள்ளட்டும். குளிர்ந்த விழுதுக்கு வெந்நீர் இன்னும் சூடாக, 95 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

படி 5: காரத்தைப் பயன்படுத்துங்கள்

மிளகாய் கடித்தால் வாய் எரிவது ஏன்? 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை உணரும் நரம்பு ஏற்பியே மிளகாயின் கேப்சைசினையும் பிடிக்கிறது. அதனால் மூளைக்குச் சூடு என்றே செய்தி போகிறது. இந்த ஏற்பியைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸ் 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இஞ்சியும் மிளகும் அதே ஏற்பியைத் தொடுகின்றன. புதினாவின் மெந்தால் நேர்மாறு, அது குளிரை உணரும் ஏற்பியைத் தட்டுகிறது; எனவே புதினாவைக் கோடைக்கு வைத்துவிடுங்கள்.

துருவிய இஞ்சி, பொடித்த மிளகு, பூண்டு, கடுகு, பட்டை. இவற்றில் ஏதாவது இரண்டு ஒவ்வொரு வேளையிலும் இருக்கட்டும். வியர்க்கும் அளவுக்குக் காரம் சேர்த்துக்கொண்டு உடனே குளிரில் இறங்க வேண்டாம், வியர்வை காயும்போது உடம்பு மேலும் குளிரும்.

படி 6: ஊறவைத்தலும் முளைகட்டலும்

கொட்டைகளை எட்டு மணி நேரம் ஊறவைத்தால் மென்மையாகும், வயிற்றில் கனக்காது. ஓட்ஸையும் இப்படி இரவே ஊறவைக்கலாம். சூரிச் நகரத்து மருத்துவர் மாக்ஸ் பிர்ஷர் பென்னர் 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் தன் நோயாளிகளுக்குக் கொடுத்த மியூஸ்லி இதுவே: ஊறிய ஓட்ஸ், தோலோடு துருவிய ஆப்பிள், எலுமிச்சை, கொட்டைகள், சிறிது பால். அவருடைய கிண்ணத்தில் ஆப்பிள்தான் நாயகன். பாலுக்குப் பதில் பாதாம் பால் ஊற்றினால் நம் முறைக்குப் பொருந்தும். பொட்டலத்தில் வரும் அவல் ஓட்ஸ் ஆவியில் வெந்தது என்பதையும், பச்சை முந்திரி என்று விற்பதும் ஓட்டை நீக்கச் சூடு காட்டப்பட்டதே என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு இரண்டிலும் மனத்தடை இல்லை.

பச்சைப்பயறு, மைசூர்ப் பருப்பின் முழுப்பயறு இரண்டும் எளிதாக முளைக்கும். பத்து மணி நேரம் ஊறவிட்டு, வடித்து, நாளுக்கு மூன்று முறை அலசி, துணி கட்டிய ஜாடியில் சாய்த்து வையுங்கள். 20 டிகிரிக்கு மேலிருந்தால் இரண்டு நாளில் முளை விடும். அறை 15க்குக் கீழே போனால் நாட்கள் நீண்டு, முளைக்கு முன் நாற்றம் வந்துவிடும். வீட்டில் இளஞ்சூடான ஒரு மூலையைத் தேடி வையுங்கள். பிசுபிசுப்போ புளித்த வாடையோ வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

முளைகளில் ஆபத்து நிஜமானது. விதையோடு ஒட்டிவந்த கிருமிக்கும் அதே ஈரமும் சூடும் பிடிக்கும். 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளைகள் வழியாகப் பரவிய இ. கோலை தொற்றில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முதியவர்களும் நோயெதிர்ப்பு குறைந்தவர்களும் முளைகளை வேகவைத்தே சாப்பிட வேண்டும்.

சிவப்பு ராஜ்மாவை எந்த நிலையிலும் பச்சையாகத் தொடாதீர்கள். அதிலுள்ள லெக்டின் நஞ்சு முளைகட்டினாலும் போவதில்லை. இளஞ்சூட்டில் வைத்தால் இன்னும் கூடக்கூடும். ஊறவைத்து, நன்றாகக் கொதிக்கவைத்தால்தான் அழியும். நாலைந்து கொட்டையே கடும் வாந்திக்குப் போதும். மரவள்ளிக்கிழங்கும், பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கும் பச்சையாகத் தின்பதற்கல்ல.

படி 7: ஒரு ஜாடி புளித்த முட்டைக்கோஸ்

ஒரு கிலோ முட்டைக்கோஸை மெலிதாகச் சீவி 20 கிராம் உப்போடு சாறு விடும்வரை பிசையுங்கள். ஜாடியில் அழுத்தி, சாறு மேலே நிற்க ஒரு சிறு எடையை வைத்து, காற்று வெளியேறும்படி மூடுங்கள். 18 முதல் 22 டிகிரி அறையில் ஒரு வாரத்தில் ருசி பார்க்கலாம், மூன்று வாரத்தில் நன்கு புளித்திருக்கும். பூஞ்சை படர்ந்தால் ஜாடியோடு கழித்துவிடுங்கள். 1768இல் புறப்பட்ட ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் கப்பலில், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய்க்கு எதிராக ஏற்றப்பட்டவற்றில் இதுவும் ஒன்று. உப்பு கூடுதல் என்பதால் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இரண்டு கரண்டி போதும்.

படி 8: தட்டு தராதவற்றை வெளியிலிருந்து எடுங்கள்

வைட்டமின் பி12 தாவர உணவில் நம்பத்தக்க அளவில் இல்லை. கடற்பாசியும் ஸ்பைருலினாவும் இதை ஈடுகட்டாது. அவற்றில் பெரும்பகுதி உடம்புக்கு உதவாத வடிவம். மாத்திரை வேண்டும், குறைந்தது ஆண்டுக்கொரு முறை ரத்தப் பரிசோதனையும் வேண்டும். நிலநடுக்கோட்டிலிருந்து விலகிய நாடுகளில் குளிர்கால வெயில் சாய்ந்து விழுவதால் தோல் வைட்டமின் டி தயாரிப்பதே இல்லை என்னும் நிலை மாதக்கணக்கில் நீடிக்கும்; நாளொன்றுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம் பொதுவான பரிந்துரை. அயோடினுக்கு அயோடின் கலந்த உப்பு. முட்டைக்கோஸ் குடும்பக் காய்களை நிறையப் பச்சையாகச் சாப்பிடுபவர்களுக்கு இது மேலும் முக்கியம், ஏனென்றால் அவை தைராய்டு அயோடினை எடுத்துக்கொள்வதைக் கொஞ்சம் தடுக்கும். விதைகளிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு பிடித்துக்கொள்ள அதே வேளையில் ஆரஞ்சோ எலுமிச்சையோ சேருங்கள்.

தண்ணீரும் இந்தப் பட்டியலில் வரும். குளிரில் தாகம் தெரியாது, சிறுநீரோ அதிகம் போகும். விதையும் உலர்பழமும் கூடிய உணவில் நீர் குறைந்தால் மலச்சிக்கல் உறுதி. வெந்நீரோ மூலிகைத் தேநீரோ நாள் முழுக்கச் சிறுகச் சிறுகக் குடியுங்கள். தேநீர் சமைத்த பண்டம் என்று சிலர் மறுப்பார்கள்; அவர்களோடு நான் உடன்படவில்லை.

புளிப்புப் பழமும் ஒட்டும் பேரீச்சையும் பல்லை அரிக்கும். சாப்பிட்டதும் வாயைக் கொப்பளித்து, அரை மணி நேரம் கழித்தே பல் துலக்குங்கள்.

படி 9: ஒரு நாளை ஓட்டிப் பாருங்கள்

காலை: 60 கிராம் ஊறிய ஓட்ஸ், ஒரு துருவிய ஆப்பிள், 30 கிராம் வால்நட், மூன்று நான்கு பேரீச்சை, ஒரு கரண்டி பொடித்த ஆளிவிதை, பட்டைத்தூள், வெதுவெதுப்பான பாதாம் பால் ஊற்றி. இது 650 கலோரிக்குக் குறையாது. மதியம்: பிசைந்த முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், ஒரு முழு அவகாடோ, 30 கிராம் பூசணி விதை, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு கைப்பிடி முளைப்பயறு, இதுவும் அதே அளவு. மாலையில் இரண்டு வாழைப்பழமும் ஒரு கைப்பிடி பாதாமும். இரவில் மேலே சொன்ன கேரட் சூப், ஒரு ஆரஞ்சு, நாலு பேரீச்சை. மொத்தம் 2,100 கலோரியை ஒட்டி வரும். உடல் உழைப்புள்ளவர்களுக்கு இது போதாது. கொட்டையையும் வாழைப்பழத்தையும் கூட்டுங்கள், இலையைக் கூட்டாதீர்கள்.

முதல் இரண்டு வாரம் வயிறு ஊதும். நார்ச்சத்தைப் படிப்படியாக ஏற்றினால் தணியும்.

படி 10: வாரம் ஒருமுறை உடம்பைக் கேளுங்கள்

ஒரே நாளில், ஒரே நேரத்தில், காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். நீங்கள் இளைக்க நினைக்காதபோதும் மாதத்தில் இரண்டு கிலோ இறங்கினால், மாதவிடாய் தள்ளிப்போனால், முடி கொத்தாக உதிர்ந்தால், போர்த்திக்கொண்ட பிறகும் கை கால் சூடாகாவிட்டால், கால் மரத்துப்போனால், மன உறுதியைச் சோதிக்கும் தருணமாக இவற்றை எண்ண வேண்டாம். அடுப்பைப் பற்றவைக்கும் நேரம் அது. கால் மரப்பும் மாதவிடாய் மாற்றமும் என்றால் மருத்துவரையும் பாருங்கள்.

சமைத்ததற்குத் திரும்பும்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. வேகவைத்தால் கூடுதலாகப் பலன் தருபவற்றில் தொடங்குங்கள்: பருப்பு, பயறு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, தக்காளி. கேரட்டையும் இந்த வரிசையில் சேர்க்கலாம், வெந்தால் அதன் பீட்டா கரோட்டின் இன்னும் எளிதாகக் கிடைக்கும். இரவுக்கு ஒரு கிண்ணம் கெட்டியான பருப்பு சூப்பை வைத்துக்கொண்டு, காலையும் மதியமும் பழையபடி பச்சையாகவே தொடருங்கள். எனக்கு அந்த ஒரு கிண்ணம் சேர்ந்த இரண்டாவது வாரத்திலேயே விரல்களில் சூடு திரும்பியது. இன்றுவரை குளிர் மாதங்களில் என் இரவு உணவு அதுதான்.